மூன்று முறை போய் வந்த கைப்பிரதி: ராமானுஜன் 'பேப்பர்' எழுதக் கற்றுக்கொண்டது எப்படி?

ராமானுஜன் என்றதும் உங்களுக்கு என்னவெல்லாம் ஞாபகம் வரும்? 1729 என்ற எண், கேம்பிரிட்ஜ், வறுமை, 32 வயதில் மரணம். பள்ளிப் பாடத்திலும் சினிமாவிலும் இதையெல்லாம் பார்த்தாச்சு. அவர் வாழ்க்கையில் அவ்வளவாகப் பேசப்படாத ஒரு பக்கமும் இருக்கு. நீங்கள் ஆய்வு மாணவராக இருந்தாலோ, எழுதிய ரிப்போர்ட் சிவப்புக் கோடுகளோடு திரும்பி வந்து ஒரு நாள் மனம் நொந்திருந்தாலோ, அந்தப் பக்கம் உங்களுக்கு உடனே புரியும்.

ராமானுஜனின் முதல் ஆய்வுக் கட்டுரை அச்சேறுவதற்கு முன், அந்தக் கைப்பிரதி இதழாசிரியருக்கும் அவருக்கும் இடையே மூன்று முறை போய் வந்தது. அதில் இருந்த கணிதம் புதுசு. ஆனால் எழுதியிருந்த விதத்தில் அதை யாராலும் பின்தொடர முடியவில்லை.

ஒரு மேதைக்கே இந்த நிலைமை ஏன் வந்தது? அதை அவர் எப்படிக் கடந்தார்? முழுசாகக் கடந்தாரா? வரிசையாகப் பார்க்கலாம்.

ஏன் அவர் அப்படி எழுதினார்?

1887 டிசம்பர் 22-ஆம் தேதி ஈரோட்டில் பிறந்து, கும்பகோணத்தில் வளர்ந்தவர் ராமானுஜன். பள்ளி நாட்களில் அவர் கைக்கு ஒரு புத்தகம் கிடைத்தது. கார் என்ற ஆங்கிலேயர், தேர்வுக்குத் தயாராகும் மாணவர்களுக்காகத் தொகுத்தது. சுமார் 5,000 தேற்றங்கள் அதில் வரிசையாக இருக்கும். விளக்கம் ரொம்பக் கம்மி. பல இடங்களில் முடிவு மட்டும்தான் இருக்கும். அது எப்படி வந்தது என்பதை நீங்களே கண்டுபிடிச்சுக்கணும்.

ராமானுஜனுக்கு அந்தப் புத்தகமே குருவானது. கணிதம் என்றால் இப்படித்தான் எழுத வேண்டும் என்று அவர் மனசில் பதிந்ததும் அதிலிருந்துதான். கணக்கைத் தவிர வேறு பாடங்களைக் கவனிக்காததால் கல்லூரி உதவித்தொகையை இழந்தார், தேர்வுகளிலும் தோற்றார். ஆகவே, நிரூபணம் எழுதுவது எப்படி என்று உட்கார வைத்துச் சொல்லித்தர யாரும் இல்லை.

இன்னொரு காரணம் ரொம்ப சாதாரணமானது: காகிதம் விலை அதிகம். ராமானுஜன் கணக்கைச் சிலேட்டில்தான் போடுவார். எழுதுவார், முழங்கையால் அழிப்பார், மறுபடி எழுதுவார். கடைசியில் கிடைத்த விடை மட்டும் நோட்டுப் புத்தகத்துக்குப் போகும். நடுவில் இருந்த படிகள் எல்லாம் பலப்பத் தூளோடு போயே போச்சு.

கொஞ்சம் யோசிச்சுப் பாருங்க. வாசகருக்கு மிகவும் தேவையான பகுதி எதுவோ, அதுதான் தினமும் அழிந்துகொண்டிருந்தது.

முதல் கைப்பிரதிக்கு என்ன ஆனது?

1910-இல் வேலை தேடி அலைந்த ராமானுஜன், திருக்கோவிலூரில் துணை ஆட்சியராக இருந்த வி. ராமசாமி ஐயரைப் போய்ப் பார்த்தார். இந்தியக் கணிதக் கழகத்தைத் தொடங்கியவர் அவர். நோட்டுப் புத்தகத்தைப் புரட்டியதுமே இந்த இளைஞரிடம் ஏதோ இருக்கிறது என்று அவருக்குப் புரிந்தது. சென்னையில் இருந்த கணித நண்பர்களிடம் அவரை அனுப்பி வைத்தார்.

அந்தக் கழகம் நடத்திய ஆய்விதழில்தான் ராமானுஜனின் முதல் கட்டுரை 1911-இல் வெளியானது. பொருள், பெர்னோலி எண்கள். இதழாசிரியர் எம்.டி. நாராயண ஐயங்கார், பெங்களூரில் கணிதப் பேராசிரியர். கைப்பிரதி அவரிடம் வந்தபோது, படிகள் தாவித் தாவிப் போயிருந்தன. சில முடிவுகளுக்கு நிரூபணம் இருந்தது, சில ஊகங்களாகவே நின்றன. வழக்கமான வாசகர் நாலு வரி தாண்டுவதே கஷ்டம்.

நாராயண ஐயங்கார் அதைக் குப்பையில் போட்டிருக்கலாம். கல்லூரிப் பட்டம்கூட இல்லாத, யாருக்கும் தெரியாத ஒரு இளைஞர் எழுதியதுதானே! ஆனால் அவர் திருத்தங்கள் கேட்டு அனுப்பினார். திரும்பி வந்தது, மறுபடி அனுப்பினார். மூன்று சுற்று. இன்றைக்கு ஆய்விதழ்களில் 'ரிவிஷன்' என்று சொல்கிறோமே, அதேதான். அந்தப் பொறுமை இல்லாமல் போயிருந்தால், ராமானுஜன் பெயர் அச்சில் வர இன்னும் எத்தனை காலம் ஆகியிருக்குமோ!

1912 மார்ச்சில் சென்னைத் துறைமுகக் கழகத்தில் மாதம் 30 ரூபாய் சம்பளத்தில் எழுத்தராகச் சேர்ந்தார். அங்கே தலைமைக் கணக்கராக இருந்த எஸ். நாராயண ஐயரும் கணிதம் படித்தவர். இரவு நேரங்களில் இருவரும் சிலேட்டோடு உட்கார்ந்து கணக்குப் போடுவார்கள். ராமானுஜன் இரண்டே வரியில் தாண்டிப் போவதைப் பத்து வரியாக எழுதச் சொல்லி அவர் வற்புறுத்துவார். தனக்கே புரியவில்லை என்றால் மற்றவர்களுக்கு எப்படிப் புரியும் என்பது அவர் வாதம்.

லண்டனிலிருந்து வந்த அறிவுரை

அதே 1912-இல், சென்னைப் பொறியியல் கல்லூரியின் பேராசிரியர் கிரிஃபித், ராமானுஜனின் வேலையை லண்டனில் இருந்த தன் பழைய ஆசிரியர் எம்.ஜே.எம். ஹில்லுக்கு அனுப்பிக் கருத்துக் கேட்டார். ஹில்லின் பதிலில் பாராட்டும் இருந்தது, குட்டும் இருந்தது. திறமை தெரிகிறது, ஆனால் முடிவிலித் தொடர்களைக் கையாள்வதில் பொறிகள் இருக்கின்றன, அவற்றில் விழுந்திருக்கிறார் என்றார். படிக்க வேண்டிய புத்தகத்தின் பெயரையும் சொன்னார்.

கூடவே, லண்டன் கணிதக் கழகத்தின் இதழில் எழுத விரும்பினால் என்ன செய்யணும் என்றும் விளக்கினார். தெளிவாக எழுத வேண்டும், பிழை இருக்கக்கூடாது, விளக்கம் தராத குறியீடுகளைப் பயன்படுத்தக்கூடாது. அவ்வளவுதான். நூறு வருஷத்துக்கு மேல் ஆகிறது. இன்று எந்த ஆய்விதழின் விதிமுறைப் பக்கத்தைத் திறந்தாலும் இந்த மூன்றும் ஏதோ ஒரு வடிவில் இருக்கும்.

ஹார்டி ஏன் நிரூபணம் கேட்டார்?

1913 ஜனவரியில் கேம்பிரிட்ஜ் கணிதவியலாளர் ஜி.எச். ஹார்டிக்கு ராமானுஜன் எழுதிய கடிதம் உங்களுக்குத் தெரிந்திருக்கும். பக்கம் பக்கமாக முடிவுகள், நிரூபணம் இல்லை. ஹார்டி வியந்துபோனார். ஆனால் அவருடைய பதிலில் முக்கியமான கோரிக்கை, நிரூபணங்களை அனுப்புங்கள் என்பதுதான்.

நம்பிக்கை இல்லாமல் கேட்டாரா? அதில் ஒரு நியாயம் இருந்தது. ஒரு குறிப்பிட்ட எல்லைக்குள் எத்தனை பகா எண்கள் இருக்கும் என்று கணக்கிட ராமானுஜன் ஒரு சூத்திரம் வைத்திருந்தார். விடை கிட்டத்தட்டத் துல்லியமாக வரும் என்று உறுதியாக நம்பினார். சிறிய எண்களுக்கு அது அழகாகப் பொருந்தியது. ஆனால் அவர் நம்பிய அளவு துல்லியம் அதில் இல்லை. நிரூபணத்தைப் படிப்படியாக எழுதிப் பார்த்திருந்தால், எந்தப் படியில் சறுக்குகிறது என்று அவருக்கே தெரிந்திருக்கும்.

இங்கே ஒரு விஷயத்தைக் கவனிங்க. படிகளை எழுதுவது வாசகருக்குச் செய்யும் மரியாதை மட்டும் இல்லை. நாம் சொல்வது உண்மையா என்று நமக்கே தெரிந்துகொள்ள இருக்கும் வழியும் அதுதான்.

கேம்பிரிட்ஜில் என்ன மாறியது?

1914 மார்ச்சில் கப்பல் ஏறினார். அதன்பிறகு ராமானுஜனின் கைப்பிரதிகள் எல்லாம் ஹார்டியின் கை வழியாகவே போயின. ஆரம்பக் கட்டுரைகளை முழுசாகத் திருப்பி எழுதியதே தான்தான் என்று ஹார்டி பிற்பாடு பதிவு செய்திருக்கிறார். அதே நேரத்தில், இருவரும் சேர்ந்து எழுதியவை தவிர மற்றவற்றின் கண்டுபிடிப்பில் தனக்குப் பங்கில்லை என்பதையும் அவர் தெளிவாக்கியிருக்கிறார். எடிட் செய்தவர் தன் பெயரைச் சேர்த்துக்கொள்ளவில்லை!

1915-இல் ராமானுஜனின் பெரிய கட்டுரை ஒன்று லண்டன் கணிதக் கழக இதழில் வந்தது. 12-ஐ எடுத்துக்கோங்க. அதற்கு 6 காரணிகள். அதைவிடச் சிறிய எந்த எண்ணுக்கும் அத்தனை காரணிகள் கிடையாது. இப்படிப்பட்ட எண்களைப் பற்றியது அந்தக் கட்டுரை. அச்சில் 60 பக்கங்களைத் தாண்டியது. ஆனால் அவர் எழுதியது இன்னும் அதிகம். கழகம் அப்போது பணக்கஷ்டத்தில் இருந்தது. அச்சுச் செலவைக் குறைக்க ஒரு பகுதியை அவரே விட்டுவிட்டார். விட்டுப்போன அந்தப் பகுதி, உரிய விளக்கங்களோடு ஆய்விதழில் வெளிவந்தது 1997-இல். 82 வருடம்! இருந்தாலும் அச்சான பகுதி வீண்போகவில்லை. அந்த வேலைக்காகவே 1916-இல் கேம்பிரிட்ஜ் அவருக்குப் பட்டம் தந்தது.

1917-இல் இன்னொரு சம்பவம். ராமானுஜன் இந்தியாவிலிருந்தே கொண்டுவந்த இரண்டு சமன்பாடுகளுக்கு அவரிடமும் நிரூபணம் இல்லை, கேம்பிரிட்ஜிலும் யாரிடமும் இல்லை. ஒருநாள் பழைய ஆய்விதழ்களைப் புரட்டிக்கொண்டிருந்தவர், எல்.ஜே. ரோஜர்ஸ் என்பவர் 1894-இலேயே அவற்றை நிரூபித்திருப்பதைப் பார்த்தார். அந்தக் கட்டுரையை இருபது வருஷத்துக்கும் மேலாக யாரும் கண்டுகொள்ளவில்லை. ஆனால் முழுசாக எழுதி அச்சேற்றியிருந்ததால், தேடி வந்தவருக்கு அது கிடைத்தது. இன்று அந்தச் சமன்பாடுகளுக்கு இருவர் பெயரும் உண்டு.

ஹார்டியும் ராமானுஜனும் சேர்ந்து 1918-இல் வெளியிட்ட கட்டுரையில் இரண்டு பேரின் பலமும் தெரியும். 4 என்ற எண்ணைக் கூட்டல்களாக 5 விதத்தில் பிரிக்கலாம். 200-ஐ எத்தனை விதமாகப் பிரிக்கலாம்? 3,97,299,90,29,388 விதமாக, அதாவது கிட்டத்தட்ட 4 லட்சம் கோடி. அவர்களுடைய சூத்திரம் இந்த எண்ணையே மிகத் துல்லியமாகத் தொட்டது. அதே 1918-இல் ராமானுஜன் ராயல் சொசைட்டியின் உறுப்பினரானார்.

எழுதாமல் விட்டதற்கு என்ன விலை?

உடல்நலம் கெட்டு 1919-இல் ஊர் திரும்பினார். 1920 ஏப்ரல் 26-ஆம் தேதி சென்னையில் காலமானார். கடைசி மாதங்களிலும் தாள் தாளாக எழுதிக்கொண்டே இருந்தார். கட்டுரையாக்க நேரம் இல்லை.

அவர் விட்டுப்போனவற்றைப் புரிந்துகொள்ள மற்றவர்களுக்கு எவ்வளவு காலம் பிடித்தது தெரியுமா?

பை எண்ணின் மதிப்பைக் கணக்கிட அவர் 1914-இல் வெளியிட்ட ஒரு தொடரைக் கொண்டு, 1985-இல் பில் காஸ்பர் கணினியில் சுமார் 1 கோடியே 75 லட்சம் இலக்கங்களைக் கண்டறிந்தார். அப்போதுகூட அந்தத் தொடருக்கு முழு நிரூபணம் இல்லை. 1987-இல்தான் போர்வைன் சகோதரர்கள் அதைத் தந்தார்கள்.

சிலேட்டிலிருந்து நோட்டுக்குப் போனதே, அந்த 3,000-க்கும் மேற்பட்ட முடிவுகள்? அமெரிக்கக் கணிதவியலாளர் புரூஸ் பெர்ண்ட் அவற்றுக்கு நிரூபணம் எழுத இருபது வருடங்களுக்கு மேல் செலவிட்டார். ஐந்து தொகுதிகள் வந்தன. தவறாக இருந்தவை மிகச் சொற்பம். கடைசி காலத் தாள்களோ கேம்பிரிட்ஜ் டிரினிட்டி கல்லூரி நூலகத்தில் கிடந்தன. ஜார்ஜ் ஆண்ட்ரூஸ் 1976-இல்தான் அவற்றைக் கண்டெடுத்தார். 1920 ஜனவரியில் ஹார்டிக்கு எழுதிய கடைசிக் கடிதத்தில் சொன்ன 'மாக் தீட்டா' சார்புகள் உண்மையில் என்ன என்பது 2002-இல்தான் தெளிவானது.

இதில் ராமானுஜனைக் குறை சொல்ல எதுவும் இல்லை. காகிதம் இல்லை, சொல்லித்தர ஆள் இல்லை, கடைசியில் ஆயுளும் இல்லை. அவ்வளவு சரியாக இருந்த முடிவுகளே, படிகள் இல்லாததால் பல பத்தாண்டுகள் காத்திருந்தன என்பதுதான் இங்கே விஷயம்.

சரி, இதில் உங்களுக்கு என்ன?

உங்களிடம் காகிதத்துக்குப் பஞ்சம் இல்லை. சிலேட்டை அழிக்க வேண்டிய கட்டாயமும் இல்லை. ஆகவே நடுவில் உள்ள படிகளைச் சேமித்து வையுங்கள். எந்தக் கணக்கை ஏன் செய்தீர்கள், எந்தத் தரவை ஏன் விட்டீர்கள் என்று அன்றன்றைக்கே இரண்டு வரி எழுதி வையுங்கள்.

அனுப்புவதற்கு முன், உங்கள் துறையில் இருந்தும் இந்த விஷயத்தில் ஈடுபடாத ஒருவரைப் படிக்கச் சொல்லுங்கள். அவர் எந்த வரியில் நிற்கிறாரோ, அங்கே பத்து வரி தேவைப்படுகிறது என்று அர்த்தம். ஹில் சொன்ன மூன்றையும் ஒரு தடவை சரிபாருங்கள். பழைய இதழ்களையும் புரட்டுங்கள். உங்கள் ரோஜர்ஸ் அங்கே இருக்கலாம்.

திருத்தம் கேட்டு மெயில் வந்தால், ஒரு நாள் கழித்துத் திரும்பவும் திறந்து படியுங்கள். வேண்டாம் என்று சொல்ல ஒரு வரி போதும். திருத்தச் சொல்லி அனுப்பியவர் உங்கள் கட்டுரையோடு உட்கார்ந்து நேரம் செலவழித்திருக்கிறார். 1911-இல் பெங்களூரில் ஒரு பேராசிரியர், பட்டம் இல்லாத ஒரு இளைஞரின் கைப்பிரதியோடு மூன்று முறை அப்படி உட்கார்ந்தார்.