ஃபியூயல் செல்லைக் கண்டுபிடித்த வக்கீல்: யார் இந்த வில்லியம் குரோவ்?

ஹைட்ரஜனை நிரப்பினால் கார் ஓடும். புகைக்குப் பதில் தண்ணீர்தான் வெளியே வரும். இதைச் சாத்தியமாக்கும் ஃபியூயல் செல் ஏதோ புது டெக்னாலஜி என்று நினைக்கிறீர்களா? அதற்கு வயசு 180-க்கும் மேல். கண்டுபிடித்தவர் ஒரு வக்கீல்!

வேல்ஸ் நாட்டின் சுவான்சீயில் 1811-ல் பிறந்தவர் வில்லியம் ராபர்ட் குரோவ். 1835-ல் வக்கீல் ஆனார். உடம்பு சரியில்லாமல் போகவே, கோர்ட்டை விட்டுவிட்டு பேட்டரி ஆராய்ச்சியில் இறங்கினார்.

மின்சாரம் பாய்ச்சினால் தண்ணீர் ஹைட்ரஜனாகவும் ஆக்ஸிஜனாகவும் பிரியும். குரோவ் இதையே தலைகீழாகச் செய்து பார்த்தார். கந்தக அமிலம் கலந்த நீரில் இரண்டு பிளாட்டினத் தகடுகள். ஒன்றைச் சுற்றி ஹைட்ரஜன், மற்றொன்றைச் சுற்றி ஆக்ஸிஜன். மின்சாரம் கிடைத்தது! 1839-ல் இது வெளியானது. 1842-ல் 50 செல்களை இணைத்தார். கைகோத்து நின்ற 5 பேருக்கு ஷாக் அடித்தது.

சரி, பிளாட்டினம் எதுக்கு? ஹைட்ரஜன் மூலக்கூறில் இரண்டு அணுக்கள் இறுக்கமாகப் பிணைந்திருக்கும். பிளாட்டினப் பரப்பில் ஒட்டியதும் அந்த ஜோடி பிரிந்துவிடும். ஒவ்வொரு அணுவும் தன் எலெக்ட்ரானைத் தகட்டிடம் கொடுத்துவிட்டுக் கிளம்பும். அந்த எலெக்ட்ரான்கள் கம்பி வழியே மறுபக்கம் போவதுதான் மின்சாரம். அங்கே ஆக்ஸிஜன் அவற்றை வாங்கித் தண்ணீராகிறது. உலோகத்தின் பிடி லேசாக இருந்தால் ஜோடி பிரியாது. ரொம்ப இறுக்கமாக இருந்தால் அணு நகராது. பிளாட்டினத்தின் பிடி கிட்டத்தட்ட சரியான அளவு.

குரோவ் கவனித்த முக்கியமான விஷயம் இதுதான்: வாயு, திரவம், உலோகம் மூன்றும் சந்திக்கும் இடத்தில்தான் வேலை நடக்கிறது. அதனால் தகட்டின் மேல் நுண்ணிய பிளாட்டினத் துகள்களைப் படியவைத்து, பரப்பைப் பெருக்கினார்.

லண்டன் இன்ஸ்டிடியூஷனில் பேராசிரியராக இருந்தவர், 1846-ல் அந்த வேலையை விட்டார். மறுபடியும் வக்கீல் தொழில். 1871-ல் நீதிபதியானார், 1896-ல் காலமானார். அவருடைய செல், அவர் காலத்தில் ஆய்வகத்தைத் தாண்டவே இல்லை. 1965-ல் அமெரிக்காவின் ஜெமினி 5 விண்கலத்துக்கு மின்சாரம் கொடுத்தது ஃபியூயல் செல்தான்.

ஹைட்ரஜன் கார் இன்னும் நம்ம தெருவுக்கு வராததற்கு பிளாட்டினத்தின் விலையும் ஒரு காரணம். அதனால் இன்று கார்பன் மேல் நானோ அளவு பிளாட்டினத் துகள்களைத் தூவுகிறார்கள். உலோகம் கொஞ்சம், பரப்பு நிறைய. அந்த வக்கீல் அன்றே பிடித்த அதே வழிதான்!