பதவி நீங்கிய திவான்

திருவனந்தபுரத்தில் தலைமைச் செயலகத்தின் எதிரே உள்ள நிறுத்தத்தைப் பேருந்து நடத்துநர்கள் 'ஸ்டாச்யூ' என்றே கூவி அழைப்பர். அங்கே சிலையாக நிற்பவர் யார் என்பதை இறங்கிச் செல்வோரில் பலர் அறியார். அவரே திருவிதாங்கூரின் திவானாக, இன்றைய முதலமைச்சருக்கு நிகரான பொறுப்பை வகித்த சர் மாதவராவ்.

மாதவராவ் 1828ஆம் ஆண்டு கும்பகோணத்தில், மராத்தியைத் தாய்மொழியாகக் கொண்ட குடும்பத்தில் பிறந்தார். சென்னையில் கல்வி பயின்று, 1849இல் திருவிதாங்கூர் இளவரசர்களுக்கு ஆசிரியரானார். 1858இல் திவான் பதவியை ஏற்றபோது அவருக்கு 30 வயதுகூட நிறையவில்லை. கடனில் மூழ்கியிருந்த கருவூலத்தை அவர் மீட்டார். மிளகு வணிகத்தில் அரசுக்கு இருந்த தனியுரிமையை நீக்கினார். இன்றைய செயலகக் கட்டடமும் அவர் காலத்தில் எழுந்ததே.

ஆயினும், அவரிடம் பாடம் கற்ற ஆயில்யம் திருநாள் மகாராசாவே நாளடைவில் அவர்மீது மனக்கசப்புக் கொண்டார். 1872இல் மாதவராவ் பதவியிலிருந்து விலகிச் சென்னைக்குச் சென்றார். வளர்த்த மாணவராலேயே நேர்ந்த இப்பிரிவு, எதிரிகளால் வரும் வீழ்ச்சியினும் கொடியது அன்றோ?

ஓய்வு நெடுநாள் நீடிக்கவில்லை. இந்தூர் அரசர் அழைக்க, 1873இல் அங்குத் திவானானார். 1875இல் பரோடா மன்னர் மல்ஹர்ராவை ஆங்கிலேய அரசு நீக்கியது. சிற்றூரில் வளர்ந்த 12 வயதுச் சிறுவன் சயாஜிராவ் என்னும் பெயரில் அரியணை ஏறினான்; ஆட்சிப் பொறுப்போ மாதவராவின் கைக்கு வந்தது. அவர் மீண்டும் ஆசிரியரானார். அரசன் எவ்வாறு ஆள வேண்டும் என்று இளையவருக்கு அவர் ஆற்றிய உரைகள் 'மைனர் ஹிண்ட்ஸ்' என்னும் நூலாயின. 1881இல் ஆட்சியுரிமை பெற்ற சயாஜிராவ் தம் விருப்பப்படி ஆள விழைந்தார். மறு ஆண்டே மாதவராவ் விடைபெற்றார். இரண்டாம் முறையும் மாணவரே வளர்ந்து வழிமறித்தார் எனலாம். பின்னாளில் அம்பேத்கர் அமெரிக்கா சென்று பயில உதவித்தொகை அளித்தவர் அதே சயாஜிராவ்தான்.

மயிலாப்பூரில் குடியேறிய மாதவராவ், புனைபெயரில் செய்தித்தாள்களுக்கு எழுதினார். 1887இல் சென்னையில் கூடிய காங்கிரசின் மூன்றாம் மாநாட்டுக்கு வரவேற்புக் குழுத் தலைவராக இருந்தார். எனினும், சட்டமன்றச் சீர்திருத்தம் குறித்துக் கருத்து வேறுபட்டமையால் 1889இல் அவ்வமைப்பை விட்டும் விலகினார். அதே ஆண்டில், குழந்தைகளைப் பயிற்றும் முறை பற்றிச் சிறு நூல் ஒன்றை வெளியிட்டார். 1891 ஏப்ரல் 4 அன்று அவர் காலமானார்.