தோர்ணக்கல் பேராயர் சுமந்த பாரம்



பிலிப்பியர் நிருபம் நாலே நாலு அதிகாரம்தான். காவலில் கட்டப்பட்டிருந்த பவுல் எழுதினது. ஆனாலும் பக்கத்துக்குப் பக்கம் சந்தோஷம்! அவருக்குக் குறையாயிருந்தது ஒன்றே ஒன்று. விசுவாசிகள் ஏகசிந்தையாயிருந்தால் என் சந்தோஷம் நிறைவாகும் என்கிறார். எயோதியாள், சிந்திகேயாள் என்ற இரண்டு சகோதரிகள் ஒத்துப்போகவில்லை. பேர் சொல்லியே புத்தி சொல்லுகிறார்.

இதே பாரம் நம்ம தமிழ் மனுஷர் ஒருவருக்கும் இருந்தது. பேராயர் வேதநாயகம் சாமுவேல் அசரியா. பிஷப் அங்கியைக் கண்டால் நம்மில் சிலர் கொஞ்சம் தள்ளியே நிற்போம். இவரைத் தள்ள முடியாது!

1874 ஆகஸ்ட் 17-ல் திருநெல்வேலிச் சீமை வெள்ளாளன்விளையில் ஒரு கிராமப் போதகருக்கு மகனாகப் பிறந்தார். 1895 முதல் ஒய்.எம்.சி.ஏ. ஊழியம். பல சபை வாலிபரோடும் பழக அங்கேதான் வழி பிறந்தது. 1902-ல் யாழ்ப்பாணம் போய், அங்குள்ள தமிழ் விசுவாசிகளின் மிஷனரி வாஞ்சையைப் பார்த்து வந்தார். மறு வருஷமே திருநெல்வேலியில் இந்திய மிஷனரி சங்கம் எழும்பிற்று. மற்றவர்களை அனுப்பினதோடு நிற்காமல், 1909-ல் குருப்பட்டம் பெற்று, தெலுங்கு நாட்டுத் தோர்ணக்கல்லுக்குத் தாமே குடிபோனார். 1912 டிசம்பர் 29-ல் கல்கத்தாவில் பேராயரானார். ஆங்கிலிக்கன் சபையில் முதல் இந்தியப் பேராயர் இவரே.

தோர்ணக்கல் கிராமங்களில் மாலர், மாதிகர் என்ற இரண்டு ஜனங்கள். ஒருவர் வீட்டில் ஒருவர் கை நனைக்காதவர்கள். இரு திறத்தாரும் இரட்சிக்கப்பட்டபோது, ஒரே பந்தியில் உட்காரவேண்டும் என்று பாடுபட்டார். லேசான காரியமா!

ஜாதிப் பிரிவு நம்ம ஊரில் முளைத்தது. சபைப் பிரிவோ கப்பலில் வந்தது. 1706-ல் சீகன்பால்கு வந்திறங்கின அதே தரங்கம்பாடியில், 1919 மே மாதம் 33 ஊழியக்காரர்கள் கூடினார்கள். 31 பேர் இந்தியர். அசரியா அதில் முன்நின்றார். வெளிநாட்டில் என்றோ நடந்த சண்டைக்காக நாம் ஏன் தனித்தனியாக அப்பம் பிட்கவேண்டும் என்பதே அவர்கள் கேள்வி. இப்படி ஆரம்பித்த பேச்சு 28 வருஷம் இழுத்தது. பேராயர் வேண்டுமா வேண்டாமா, யார் கைவைத்த அபிஷேகம் செல்லும் என்று எத்தனை தர்க்கம்! மனுஷர் சலித்துப்போயிருக்கலாம். அவர் சலிக்கவில்லை.

1945 ஜனவரி 1-ல் தோர்ணக்கல்லிலேயே கர்த்தருக்குள் நித்திரையடைந்தார். தென்னிந்திய திருச்சபை பிறந்ததோ 1947 செப்டம்பர் 27-ல், சென்னை செயின்ட் ஜார்ஜ் பேராலயத்தில். நம்ம மதுரைச் சபைகள் அமெரிக்க கொங்கிரிகேஷனல் மிஷன் நாட்டினவை. அவற்றுக்கு அன்று பேராயராக அபிஷேகம் பெற்ற லெஸ்லி நியூபிகின் ஸ்காட்லாந்து சபையிலிருந்து வந்தவர். ஆங்கிலிக்கன் பேராயர்களும் அவர்மேல் கை வைத்தார்கள்.