ஹல்லொலுவ வீதியில் ஒராபி பாஷாவின் வீடு

கடந்த மாதம் தரம் 10 மாணவர்களிடம் ஒராபி பாஷா யார் என்று கேட்டேன். ஒருவருக்கும் தெரியவில்லை. அவர்களைக் குறை சொல்ல முடியாது. ஆசிரியர் கலாசாலையில் பயிலும் காலத்தில் கண்டிக்குச் சுற்றுலா சென்றபோதுதான் நானும் அவரை அறிந்தேன்.

அஹ்மத் ஒராபி 1841 இல் எகிப்தில் ஸகாஸீக் நகருக்கு அண்மையில் ஒரு விவசாயக் குடும்பத்தில் பிறந்தார். அல்-அஸ்ஹரில் சிறிது காலம் கற்று, பின்னர் இராணுவத்தில் சேர்ந்தார். உயர்பதவிகள் துருக்கிய, சேர்க்காசிய அதிகாரிகளுக்கே கிடைத்த காலத்தில் எகிப்தியருக்கு நீதி கேட்டார். ஐரோப்பியரின் தலையீட்டையும் எதிர்த்தார். 1882 செப்டெம்பர் 13 ஆம் திகதி தல் அல்-கபீரில் பிரித்தானியப் படையிடம் தோற்றார். அவருக்கு விதிக்கப்பட்ட மரண தண்டனை நாடுகடத்தலாக மாற்றப்பட்டது. 1883 ஜனவரியில் ஆறு தோழர்களுடன் கொழும்பில் வந்திறங்கினார்.

தோற்றுப்போன தளபதியை நமது மூதாதையர் தலைவராகவே வரவேற்றனர். அவரும் சும்மா இருக்கவில்லை. அறிஞர் சித்திலெப்பை, கொழும்பு நூதனசாலையைக் கட்டிய வாப்பிச்சி மரிக்கார் ஆகியோரின் கல்வி முயற்சிக்குத் துணை நின்றார். 1892 இல் மருதானையில் ஸாஹிரா உருவானது.

அதே ஆண்டில் உடல்நலம் கருதிக் கண்டிக்குச் சென்றார். அவர் வாழ்ந்த ஹல்லொலுவ வீதி வீடு இன்று நூதனசாலை. அது மாளிகையல்ல, 19 ஆம் நூற்றாண்டு மலைநாட்டு பங்களா. அக்கால பங்களாக்களில் அகன்ற விறாந்தை வெயிலையும் சாரலையும் தடுக்கும். உயர்ந்த கூரை சூட்டை மேலே இழுத்துக்கொள்ளும். மின்விசிறி இல்லாத காலத்தின் அறிவு அது.

18 ஆண்டுகளின் பின், 1901 இல் தாயகம் திரும்ப அனுமதி கிடைத்தது. 1911 இல் கெய்ரோவில் காலமானார்.

அந்த வீடு நிலைத்திருப்பதால்தான் அவரது கதையை மாணவர்களுக்குக் காட்ட முடிகிறது. எங்கள் உம்மம்மாவின் ஓட்டு வீட்டை நாங்கள் விற்றோம். நானும் கையொப்பமிட்டேன். இன்று அவ்விடத்தில் மூன்று கடைகள். அந்த விறாந்தையில் ஓதக் கற்றுக்கொண்டதை என் பிள்ளைகளுக்குச் சொல்கிறேன், காட்டுவதற்கு ஒரு புகைப்படமும் இல்லை.

எல்லாப் பழைய வீடுகளையும் காப்பாற்ற முடியாது. உடைக்குமுன் ஒரு படமாவது எடுத்து, அங்கு வாழ்ந்தவர்களின் பெயர்களை எழுதிவையுங்கள். அடுத்த முறை கண்டி செல்லும்போது பிள்ளைகளை ஹல்லொலுவ வீதிக்கும் அழைத்துச் செல்லுங்கள். இன்ஷா அல்லாஹ், என் வகுப்பை நான் அழைத்துச் செல்வேன்.