கரும்பும் ஓர் அம்மையாரும்

பெருந்துறை வட்டாரத்தில் கீழ்பவானி வாய்க்கால் பாயும் பூமியிலே கரும்பு வைத்திருக்கும் குடியானவரைப் பார்த்து, உம்முடைய தோட்டத்தில் என்ன ரகம் என்று கேட்டால், அவர் கோ என்று தொடங்கி ஓர் எண்ணைச் சொல்வார். நெடுங்காலமாகத் தமிழ்நாட்டில் பெருவாரியாகப் பயிராகி வந்திருப்பது கோ 86032 என்னும் ரகம். அந்தக் 'கோ' என்பது கோயமுத்தூரைக் குறிப்பது என்பதும் அவருக்குத் தெரிந்தே இருக்கும். ஆனால், அவர் கரணை நறுக்கி நடுகிற அந்தக் கரும்பின் இனத்தை வேர் நுனியிலே பிடித்து, பூதக்கண்ணாடியின் கீழே வைத்து, அதன் பிறப்பு வளர்ப்பையெல்லாம் ஆராய்ந்தவர்களுள் ஒருவர் ஒரு பெண்மணி என்பதும், அவர் ஐந்து ஆண்டுகள் கோயமுத்தூரிலேயே இருந்து அந்த வேலையைச் செய்தார் என்பதும் கொங்கு நாட்டிலேயே அநேகர் அறியாத சங்கதி. கவுந்தப்பாடி நாட்டுச் சர்க்கரை பழனியாண்டவர் பஞ்சாமிர்தத்திற்குப் போகிறது என்று பெருமையோடு சொல்லிக்கொள்ளுகிற நாம், கரும்பை ஆராய்ந்த அந்த அம்மையாரின் பெயரையும் ஒரு முறையாவது சொல்லவேண்டாமா?

அவர் பெயர் எடவலத்துக் கக்கத்து ஜானகி அம்மாள். 1897-ம் ஆண்டு நவம்பர் மாதம் 4-ந் தேதி, அந்நாளில் சென்னை ராஜதானியைச் சேர்ந்திருந்த மலையாள ஜில்லாவில், தலைச்சேரியில் பிறந்தார். தகப்பனார் திவான் பகதூர் ஈ. கே. கிருஷ்ணன் சப் ஜட்ஜ் உத்தியோகம் பார்த்தவர். கச்சேரி வேலை முடிந்து வீடு திரும்பினால் அவருடைய மனம் செடி கொடிகளிலும் பறவைகளிலும் சென்றுவிடும். வீட்டைச் சுற்றித் தோட்டம் போட்டார். இயற்கை நூல்களைச் சேர்த்தார். மலையாளக் கரையின் பறவைகளைப் பற்றி எழுதினார். குழந்தையின் கண் எதிலே பழகுகிறதோ அதிலேதான் பிற்காலத்தில் அறிவும் ஓடும் என்று மனோதத்துவ சாஸ்திரிகள் புத்தகம் புத்தகமாக எழுதுகிறார்கள். அந்தப் புத்தகங்களைப் புரட்டாத தலைச்சேரி நீதிபதி, தம் பெண் குழந்தைகளையும் அந்தத் தோட்டத்திலே விட்டு வளர்த்தார். அவ்வளவுதான் அவர் செய்தது, அது போதுமானதாயிருந்தது.

குடும்பம் தீயர் வகுப்பைச் சேர்ந்தது. அக்கால மலையாள நாட்டில் அவ்வகுப்பார் எவ்வளவு கீழாக வைக்கப்பட்டிருந்தார்கள் என்பதை நேயர்களுக்கு நாம் விவரிக்க வேண்டியதில்லை. சகோதரிகளுக்குக் கலியாணங்கள் நடந்தன. ஜானகி படிப்பைத் தேர்ந்துகொண்டார். சென்னையில் குவீன் மேரி கலாசாலையிலும், பிறகு பிரஸிடென்ஸி கலாசாலையிலும் படித்து, 1921-ல் தாவர சாஸ்திரத்தில் ஆனர்ஸ் பட்டம் பெற்றார். சென்னைக் கிறிஸ்துவப் பெண்கள் கலாசாலையில் ஆசிரியையாக அமர்ந்தார். கீழ்த்திசைப் பெண்களுக்கென்று அமெரிக்காவின் மிச்சிகன் சர்வகலாசாலையில் ஏற்பட்டிருந்த பார்பர் உதவிச் சம்பளம் கிடைக்கவே 1924-ல் கப்பலேறினார். அங்கே முதலில் எம்.எஸ்., இடையில் சென்னைக்குத் திரும்பிச் சிறிது காலம் ஆசிரியை வேலை, மறுபடியும் மிச்சிகன், 1931-ல் டாக்டர் பட்டம். நம் நாட்டுப் பெண்களிலே எழுதப் படிக்கத் தெரிந்தவர்கள் நூற்றுக்கு இரண்டு மூன்று பேர்கூட இல்லாத காலம் அது என்பதை நினைவில் வைத்துக்கொண்டு இந்த வருஷங்களைப் படிக்கவேண்டும். நாடு திரும்பியபின் இரண்டு ஆண்டு திருவனந்தபுரம் மகாராஜா கலாசாலையில் பேராசிரியராக இருந்தார். 1934-ல் கோயமுத்தூருக்கு வந்தார்.

இவ்விடத்தில் சர்க்கரையின் கதையைக் கொஞ்சம் சொல்லியாகவேண்டும். கரும்பின் தாய் வீடுகளில் ஒன்றான இந்தியா, சென்ற நூற்றாண்டின் தொடக்கத்தில் வெள்ளைச் சர்க்கரைக்கு ஜாவாவின் கையை எதிர்பார்த்து நின்றது. 1930-ஐ ஒட்டிய ஆண்டுகளில் வருஷத்துக்குச் சுமார் 10 லட்சம் டன் வரையில் வெளியிலிருந்து வந்து இறங்கிற்று. அத்தனை பணமும் வெளியே போயிற்று. நம் குடியானவர் சோம்பேறிகளாயிருந்ததா காரணம்? இல்லை. வட இந்தியாவில் பயிரான கரும்பு மெல்லியது; சாறு குறைந்தது. ஜாவாவின் பருத்த கரும்போ அங்கே குளிரையும் வறட்சியையும் தாங்காது. இரண்டையும் கலந்து புது ரகம் உண்டாக்கலாமென்றால், அதற்குக் கரும்பு பூக்க வேண்டும். பூத்து, முளைக்கும் விதை கொடுக்கவேண்டும். வட நாட்டுச் சீதோஷ்ணத்தில் அது சரிவர நடப்பதில்லை. கோயமுத்தூரிலோ கரும்பு கதிர் விட்டுத் தாராளமாய்ப் பூக்கிறது. பண்டித மதன்மோகன் மாளவியா போன்றவர்களின் வற்புறுத்தலும் சேர்ந்துகொள்ள, 1912-ல் கரும்பு அபிவிருத்தி நிலையம் கோயமுத்தூரில் ஏற்பட்டது. இன்றைக்கும் இந்தியாவின் நானா பாகங்களிலுமுள்ள கரும்பு ஆராய்ச்சியாளர்கள் கலப்பு செய்யக் கோயமுத்தூர்த் தோட்டத்தைத்தான் நாடி வருகிறார்கள்.

நிலையத்தைத் தொடங்கிய பார்பரும், அவருக்குப் பின் அதை நடத்திய டி. எஸ். வேங்கடராமனும் ஒரு துணிந்த காரியம் செய்தார்கள். ஆற்றங்கரையிலே கேட்பாரற்று வளரும் நாணலை எடுத்து, தின்னும் கரும்போடு சேர்த்தார்கள். நாணலில் இனிப்பு ஏது? ஆனால் அதனிடம் உறுதி இருந்தது. நோயையும் வறட்சியையும் வெள்ளத்தையும் பொருட்படுத்தாத முரட்டுத்தனம் இருந்தது. அப்படிப் பிறந்த கோ 205, 1918-ல் வெளிவந்து பஞ்சாபில் வேரூன்றிற்று. பின்னாலே மற்றக் கோ ரகங்கள் பரவின. 1932-ல் சர்க்கரைத் தொழிலுக்குப் பாதுகாப்பு வரியும் கிடைத்தது. சுமார் 30 ஆலைகள் இருந்த நாட்டில் நான்கைந்து ஆண்டுகளுக்குள் 130 ஆலைகளுக்கு மேல் புகை போக்கின. ஜாவாச் சர்க்கரை ஓய்ந்தது. சுதேசிப் பிரசங்கங்கள் ஆயிரம் செய்யலாம். வரியும் விதைக்கரணையும் சேர்ந்து செய்த காரியம் இது.

ஜானகி அம்மாள் வந்து சேர்ந்த காலம் இதுதான். கலப்பினங்கள் பிறந்துகொண்டிருந்தன. அவை ஏன் அப்படிப் பிறக்கின்றன என்பதைக் கண்டறிவது இனி நடக்கவேண்டிய வேலை. ஒவ்வொரு ஜீவனும் கண்ணுக்குத் தெரியாத உயிரணுக்களால் ஆனது. உயிரணுவின் நடுவே குரோமோஸோம் என்னும் இழைகள் இருக்கின்றன. தாய் தந்தையரின் குணங்கள் அவற்றின் வழியாகவே சந்ததிக்கு இறங்குகின்றன. மனிதனுக்கு 46, நெல்லுக்கு 24. வளருகிற வேரின் நுனியை வெட்டி, பதப்படுத்தி, சாயமேற்றி, கண்ணாடித் தகட்டில் வைத்து உற்றுப் பார்த்தால் உயிரணு இரண்டாகப் பிரியும் தருணத்தில் அந்த இழைகள் தெரியும். அப்பொழுது எண்ணிக்கொள்ளவேண்டும். ஒன்றன்மேலொன்று விழுந்து கிடக்கும் நுண்ணிய துண்டுகளை மணிக்கணக்காக, நாட்கணக்காக எண்ணுவது எப்பேர்ப்பட்ட பொறுமைக்குரிய வேலையென்று சொல்லவேண்டியதில்லை.

கரும்பில் இந்தக் கணக்கு விசித்திரமானது. தின்னும் கரும்புக்கு 80 குரோமோஸோம். நாணலுக்கோ இடத்துக்கு இடம் வித்தியாசம். 40 முதல் 128 வரை காணப்படுகிறது. கோயமுத்தூர் நாணலுக்கு 64. சாதாரண விதிப்படி தாயிடமிருந்து பாதி, தகப்பனிடமிருந்து பாதி என்று 40-உம் 32-உமாக 72 வரவேண்டும். பிறக்கிற கலப்பினத்திலோ 112 இருக்கிறது! தாய்க் கரும்பு தன் பங்கில் பாதியைத் தராமல் எண்பதையும் முழுசாகக் கொடுத்துவிடுகிறது. சந்ததியில் இனிப்பு மேலோங்குவதற்கு இதுவும் ஒரு காரணம். இத்தகைய கணக்குகள் தெரிந்த பிறகுதான் எதை எதோடு சேர்ப்பது என்பது குருட்டு அதிர்ஷ்டமாயிராமல் சாஸ்திரமாகிறது. ஜானகி அம்மாள் இந்தியாவின் பல இடங்களிலுமுள்ள நாணல் வகைகளை இம்முறையில் ஆராய்ந்தார். கரும்போடு மக்காச்சோளத்தையும், சோளத்தையும், தருப்பைப் புல்லினத்தையும் கூடக் கலந்து, பிறந்தவற்றின் உயிரணுக்களைப் பரிசோதித்தார். கரும்பும் மக்காச்சோளமும் கலந்த செய்தியை 1938-ல் லண்டன் 'நேச்சர்' பத்திரிகை வெளியிட்டது. அதற்கு முன்பே, 1935-ல், ஸர் சி. வி. ராமன் நிறுவிய இந்திய விஞ்ஞானக் கழகம் அவரை அங்கத்தினராகத் தேர்ந்தெடுத்திருந்தது.

இவ்வளவும் செய்தவர் கோயமுத்தூரில் நிம்மதியாயிருந்தாரா? இருக்கவில்லை. ஆண்கள் மட்டுமே பழகிய இடத்தில் கலியாணமாகாத ஒரு ஸ்திரீ. அதிலும் தாழ்ந்ததென்று ஒதுக்கப்பட்ட வகுப்பில் பிறந்தவர். உடன் உழைத்தவர்களிடையே அவருக்கு உரிய ஸ்தானம் கிடைக்கவில்லை என்பதை அவர் சரித்திரத்தை எழுதியவர்கள் மறைக்கவில்லை. நாமும் மறைக்க வேண்டியதில்லை. அந்நியன் நம்மைத் தாழ்வாக நடத்துகிறான் என்று நாடெங்கும் கூட்டம் போட்டு முழங்கிய அதே ஆண்டுகளில் இது நடந்தது. அந்நியன் மேல் சொன்ன குற்றம் பொய்யல்ல. ஆனால் இந்தக் குற்றத்தை அவன் தலையில் போட முடியாது.

1939 ஆகஸ்டில் எடின்பரோவில் நடந்த சர்வதேச மரபியல் மகாநாட்டுக்கு ஜானகி அம்மாள் சென்றார். மகாநாடு முடிந்த கையோடு யுத்தம் மூண்டுவிட்டது. அவர் திரும்பவில்லை. லண்டனை அடுத்த மெர்ட்டனில் ஜான் இன்னஸ் தோட்டக்கலை நிலையத்தில் வேலைக்கமர்ந்தார். இரவில் ஜெர்மன் குண்டுகள் விழும். படுக்கையின் கீழே புகுந்துகொள்வார். விடிந்ததும் அலமாரிகளின் மேல் சிதறிய கண்ணாடித் தூளைத் துடைத்துவிட்டு, விட்ட இடத்திலிருந்து எண்ணத் தொடங்குவார். இந்த உழைப்பின் பலனாக, நிலையத்தின் தலைவர் டார்லிங்டனும் அவரும் சேர்ந்து எழுதிய பயிர்த் தாவரங்களின் குரோமோஸோம் அட்டவணை 1945-ல் வெளிவந்தது. உலகமெங்கும் பயிர் ஆராய்ச்சியாளர் மேஜைமேல் அந்தப் புத்தகம் ஏறிற்று.

பிறகு விஸ்லியிலுள்ள ராயல் தோட்டக்கலைச் சங்கத்தில் சேர்ந்தார். அங்கே கால்சிசின் என்னும் மருந்தைக் கொண்டு செடிகளின் குரோமோஸோம்களை இரட்டிப்பாக்கும் ஆராய்ச்சி நடத்தினார். உயிரணு பிரியும்போது இழைகள் இரு பக்கமும் விலகிச் செல்லவொட்டாமல் இம்மருந்து தடுத்துவிடுகிறது. அதனால் ஒரே அணுவில் இரு மடங்கு தங்கிவிடுகின்றன. பூவும் இலையும் பருக்கின்றன. இப்படி அவர் வளர்த்த ஒரு மக்னோலியா மரவகைக்கு அவர் பெயரையே வைத்திருக்கிறார்கள். இந்தக் கால்சிசின் ஏதோ சீமைச் சரக்கென்று நேயர்கள் எண்ணிவிடக்கூடாது. தாராபுரம், மூலனூர்ப் பக்கம் பந்தலில் ஏற்றிப் பயிர்செய்து விதையை வியாபாரிக்கு விற்கிறார்களே, அந்தக் கண்வலிக் கிழங்கு, அதாவது நம் செங்காந்தள், அதிலும் இருப்பது இதே சத்துத்தான்.

1951-ல் ஜவாஹர்லால் நேரு அவரைத் தாய்நாட்டுக்கு அழைத்தார். 1890-ல் ஏற்பட்டுப் பின்னால் சோர்ந்து கிடந்த இந்தியத் தாவர ஆய்வு ஸ்தாபனத்தைச் சீர்திருத்தி அமைக்கவேண்டும் என்பது கோரிக்கை. 1952-ல் அதற்கான விசேஷ அதிகாரியானார். இந்தியச் செடிகளை வெள்ளைக்காரர் சேகரித்து, காய்ந்த மாதிரிகளை லண்டன் கியூ தோட்டத்துக்கும் மியூஸியங்களுக்கும் அனுப்பிவிட்டார்கள். நம் நாட்டுச் செடி எதுவென்று அறிய நாம் கடல் கடக்க வேண்டியிருந்தது. இந்த நிலை மாறவேண்டும், நம் தாவரங்களை நம்மவரே நம் மண்ணிலேயே ஆராயவேண்டும், காட்டு ஜனங்களிடமுள்ள செடியறிவையும் சேர்த்துக்கொள்ளவேண்டும் என்பது அம்மையாரின் நோக்கம். ஸ்தாபனம் விரிவடைந்தது உண்மை. அவர் நினைத்தபடியெல்லாம் நடந்ததென்று சொல்வதற்கில்லை. சுதந்திர சர்க்காரிலும் சிவப்பு நாடா சிவப்பு நாடாதான்.

அந்த நாட்களில் நடந்த ஒரு சம்பவம். உணவு உற்பத்தியைப் பெருக்கு என்ற இயக்கம் எங்கும் மும்முரம், காடுகள் அழிந்துகொண்டிருந்தன. அஸ்ஸாமில் ஓர் அபூர்வ மக்னோலியா இனத்தில் அந்தப் பிரதேசத்தில் எஞ்சியிருந்தது ஒரே மரம் என்று கேள்விப்பட்டு, ஷில்லாங்கிலிருந்து 37 மைல் பிரயாணம் செய்து அதைக் காணச் சென்றார். மரம் எரிக்கப்பட்டுக் கிடந்தது. அந்தக் கரிக்கட்டை அவர் மனத்தை விட்டு நீங்கவில்லையென்றே தோன்றுகிறது. 1955-ல் அமெரிக்காவில் பிரின்ஸ்டனில், மனிதன் பூமியின் முகத்தை எவ்வாறு மாற்றுகிறான் என்பதைக் குறித்துக் கூடிய சபைக்கு அழைக்கப்பட்ட ஒரே பெண்மணி அவர். இந்தியாவின் ஏழைக் குடிகள் காட்டையும் வயலையும் நம்பி நடத்தும் ஜீவனத்தைப் பற்றி அங்கே எடுத்துரைத்தார்.

அலகாபாத், ஜம்மு, டிராம்பே என்று பல இடங்களில் வேலை பார்த்தபின், 1970-ல் சென்னைக்கு வந்தார். சர்வகலாசாலையின் மதுரவாயல் களப் பரிசோதனைச்சாலையே அவர் வீடாயிற்று. வயது எழுபத்துமூன்று. மூலிகைகளை வளர்த்து, அவற்றின் உயிரணுக்களை எண்ணிக்கொண்டிருந்தார். 1977-ல் பத்மஸ்ரீ விருது வந்தது. கேரளத்தில் குந்திப்புழையை மறித்து அணை கட்டவிருந்த அமைதிப் பள்ளத்தாக்குத் திட்டத்தை எதிர்த்தவர்களோடு தாமும் சேர்ந்துகொண்டார். நீலகிரியின் மறுபக்கத்தில் கிடக்கும் அக்காட்டின் செடிகளின் குரோமோஸோம் கணக்கை எடுக்கவும் முற்பட்டார். எண்பது வயதைத் தாண்டிய மூதாட்டி, மின்சாரம் வேண்டாமென்கிறாரே என்று பரிகசித்தவர்களும் உண்டு. அவருக்கு ஷில்லாங் மரம் தெரியும், அவர்களுக்குத் தெரியாது.

1984-ம் ஆண்டு பிப்ரவரி மாதம் 7-ந் தேதி, மதுரவாயல் பரிசோதனைச்சாலையில் வேலையிலிருந்தபோதே ஜானகி அம்மாள் காலமானார். அணைத் திட்டம் கைவிடப்பட்டது. அவ்வாண்டு நவம்பரில் அமைதிப் பள்ளத்தாக்கு தேசீய வனமென்று அறிவிக்கப்பட்டது.