நின்ற கடிகாரங்களுக்கு உயிர் தந்தவர்

ரூபர்ட் தாமஸ் கூல்டு 1890ஆம் ஆண்டு இங்கிலாந்தின் தென்கரையிலுள்ள சவுத்ஸீயில் பிறந்தார். இளமையிலேயே கடற்படையில் சேர்ந்து அதிகாரியானார். 1914ஆம் ஆண்டு முதல் உலகப் போர் மூண்டபோது அவரைக் கடுமையான மனநோய் தாக்கியது. அதன்பின் அவரால் கப்பற்பணிக்குத் திரும்ப இயலவில்லை. கடல் வரைபடங்களைத் தயாரிக்கும் துறையில் அவருக்குப் பணி கிடைத்தது. அங்குப் பணியாற்றிய காலத்தில், கடற்பயணக் கடிகாரங்களின் வரலாற்றை ஆர்வத்துடன் ஆராயத் தொடங்கினார்.

அந்த வரலாற்றின் நாயகர் ஜான் ஹாரிசன். பூமி ஒரு மணி நேரத்தில் 15 பாகை சுழல்கிறது. ஆகவே, புறப்பட்ட துறைமுகத்தின் நேரத்தைக் கப்பலில் சரியாகக் காட்டும் கடிகாரம் இருந்தால், நடுக்கடலிலும் தீர்க்கரேகையைக் கணக்கிடலாம். தச்சரான ஹாரிசன் 18ஆம் நூற்றாண்டில் அத்தகைய கடிகாரங்களை ஒன்றன்பின் ஒன்றாக உருவாக்கினார். அவருடைய நான்காம் கடிகாரம் 1761ஆம் ஆண்டு ஜமைக்காவுக்குப் புறப்பட்ட கப்பலில் சோதிக்கப்பட்டது. இரண்டு மாதங்களுக்கும் மேலான அப்பயணத்தில் அது ஏறத்தாழ 5 விநாடிகளே பின்தங்கியது.

1920ஆம் ஆண்டு, கிரீனிச் வான் ஆய்வகத்தில் இக்கடிகாரங்களைக் கூல்டு கண்டார். நான்கும் அழுக்கேறி, ஓட்டமின்றிக் கிடந்தன. ஏறத்தாழ 34 கிலோகிராம் எடையுள்ள முதல் கடிகாரத்தின் நிலை மிகவும் மோசமாக இருந்தது. அதன் பித்தளைப் பாகங்களில் களிம்பு படிந்திருந்தது. பல பாகங்கள் காணாமற்போயிருந்தன. கூல்டு முறையாகக் கடிகாரத் தொழில் கற்றவர் அல்லர். எனினும், ஊதியம் எதுவும் பெறாமல் அவற்றைப் பழுதுபார்க்க முன்வந்தார். ஆய்வகத் தலைவர் பிராங்க் டைசன் அதற்கு அனுமதி அளித்தார்.

பழைய கடிகாரத்தைப் பழுதுபார்ப்பவர் முதலில் அதன் இயக்கத்தைப் புரிந்துகொள்ள வேண்டும். சுருள்வில்லின் விசை எவ்வழியே செல்கிறது, எந்தப் பற்சக்கரம் எதைச் சுழற்றுகிறது என்று அறியாமல் ஒரு திருகாணியைக்கூடக் கழற்றக் கூடாது. கூல்டு ஒவ்வொரு பாகத்தையும் கழற்றிச் சுத்தம் செய்தார், வரைந்தார், அதன் செயலைக் குறித்து வைத்தார். அக்குறிப்புகள் 18 ஏடுகளாகப் பெருகின. காணாமற்போன பாகம் எப்படி இருந்திருக்கும் என்பதை, எஞ்சியிருந்த பாகங்களைக் கொண்டே ஊகித்து அறிந்தார்.

எழுநூறுக்கும் மேற்பட்ட பாகங்களைக் கொண்ட மூன்றாம் கடிகாரத்தைச் சீரமைக்க மட்டும் ஏறக்குறைய ஏழு ஆண்டுகள் ஆயின. இதற்கிடையில், 1927ஆம் ஆண்டு கூல்டின் குடும்ப வாழ்க்கை முறிந்தது. பழைய மனநோயும் அவ்வப்போது அவரை வாட்டியது. ஆயினும், மேற்கொண்ட பணியை அவர் கைவிடவில்லை. 1933ஆம் ஆண்டு, ஒன்றரை நூற்றாண்டுக்கும் மேலாக நின்றுபோயிருந்த முதல் கடிகாரம் மீண்டும் ஓடத் தொடங்கியது. கூல்டின் 13 ஆண்டுக்கால உழைப்பு கைகூடியது.

பிற்காலத்தில் கூல்டு வானொலியில் சிறுவர்களுக்கு அறிவியல் செய்திகளைச் சுவைபடக் கூறிப் புகழ்பெற்றார். 1947ஆம் ஆண்டு பிரித்தானியக் கடிகாரவியல் கழகம் அவருக்குத் தங்கப் பதக்கம் வழங்கியது. அதற்கு அடுத்த ஆண்டு அவர் காலமானார்.

ஹாரிசனின் முதல் மூன்று கடிகாரங்களும் கிரீனிச்சில் இன்றும் ஓடிக்கொண்டிருக்கின்றன. எண்ணெய் தேவைப்படும் நான்காம் கடிகாரமோ, தேய்மானத்தைத் தவிர்ப்பதற்காக ஓடவிடப்படாமல் பாதுகாக்கப்படுகிறது. ஹாரிசனின் அறிவுத்திறனை உலகம் இன்று கண்ணாரக் காண்கிறது என்றால், அதற்குக் கூல்டின் பொறுமையும் ஒரு காரணமாகும். புதியதைப் படைப்பது அருஞ்செயல். பிறர் படைத்ததைப் புரிந்துகொண்டு அழியாமல் காப்பதும் அதற்குச் சற்றும் குறைந்ததன்று.