நாள் எண்ணி நஞ்சு அறிந்தவர்

1831ஆம் ஆண்டு, பிரான்சு நாட்டின் அர்புவா வட்டாரத்தில் வெறிகொண்ட ஓநாய் ஒன்று பலரைக் கடித்தது. கடியுண்டோரின் புண்களைக் கொல்லன் பட்டறையில் பழுக்கக் காய்ச்சிய இரும்பால் சுட்டனர். அதனைக் கண்டு நடுங்கிய எட்டு வயதுச் சிறுவன், தோல் பதனிடுபவரின் மகனான லூயி பாஸ்டர்.

பிற்காலத்தில் அவர் வேதியியல் அறிஞரானார், மருத்துவர் அல்லர். 1868இல் வாதநோயால் இடப்பக்கம் செயலிழந்த பின்னரும் ஆய்வை விட்டாரிலர். வெறிநாய்க்கடியின் நோய்க்கிருமியோ அவருடைய நுண்ணோக்கிக்கு அகப்படவே இல்லை. வைரசைக் காட்டும் கருவி அந்நாளில் ஏது? கண்ணுக்குத் தெரியாத அதனை வகைபிரிக்க அவர் நாள்களை எண்ணினார்.

வெறிபிடித்து மாண்ட தெருநாயின் தண்டுவடத்திலிருந்து எடுத்த நச்சை முயலின் மூளையுறைக்கு அடியில் செலுத்தினால், ஏறத்தாழ 15 நாளில் நோய் தோன்றும். அம்முயலிலிருந்து மற்றொன்றுக்கு, அதிலிருந்து இன்னொன்றுக்கு என மாற்றிக்கொண்டே செல்ல, அக்காலம் குறுகி வந்தது. ஏறத்தாழ ஐம்பது முயல்களைக் கடந்தபின் 7 நாளில் நிலைத்தது. நோய் ஒன்றே, ஆயினும் தெருநாயின் நச்சு வேறு, முயலில் நிலைபெற்ற நச்சு வேறு. நிலைபெற்ற நச்சுடைய தண்டுவடத்தை ஈரமற்ற காற்றில் உலர்த்தினால், அதன் வீரியம் நாளுக்கு நாள் தணிந்தது.

1885 ஜூலை 6 அன்று, வெறிநாய் கடித்த ஒன்பது வயது ஜோசப் மீஸ்டரை அவனுடைய தாய் பாரிசுக்கு அழைத்து வந்தார். பாஸ்டர் முன்னிற்க, மருத்துவர் கிராஞ்சே ஊசி செலுத்தினார். 15 நாள் உலர்ந்ததில் தொடங்கி, வீரியம் படிப்படியாக மிகுந்த 13 ஊசிகள். இறுதி ஊசியின் நச்சு தெருநாயின் நச்சினும் கொடியது! அவ்விரவுகளில் பாஸ்டர் உறங்கினாரிலர். சிறுவன் பிழைத்தான்.

அவ்வாண்டு நவம்பரில் வந்த பத்து வயதுச் சிறுமிக்கு அப்பேறு வாய்க்கவில்லை. தலையில் கடியுண்டு 37 நாள்கள் கழிந்திருந்தன. காலம் கடந்ததை அறிந்தும் பாஸ்டர் அவளைத் திருப்பி அனுப்ப மனமின்றி மருத்துவம் தொடங்கச் செய்தார். டிசம்பரில் அவள் இறந்தாள். பாஸ்டர் கண்ணீர் விட்டு அழுதார்.

உயிரைப் பறித்தது நாயின் கடியா, காக்கச் செலுத்திய ஊசியா? அவளுடைய மூளையிலிருந்து எடுத்த பொருள் இரு முயல்களுக்குச் செலுத்தப்பட்டது. ஊசியின் நச்சாயின் 7 நாளில் நோய் தோன்றியாக வேண்டும். ஏழாம் நாள் கடந்தது, பத்தும் கடந்தது. 18ஆம் நாளில்தான் முயல்கள் நோயுற்றன. அது தெருநாயின் நச்சு.